அனுமதி: யார், யாருக்கு, எதற்கு?

மருத்துவமனைக்குள் நுழைந்த நேரம் முதல் வீடு திரும்பும் நேரம் வரை நோயாளியின் காதில் அடிக்கடி விழும் சொற்களுள் ஒன்று 'அனுமதி'. வாயிலில் காவலர் பார்வையாளர் அனுமதிச் சீட்டைக் கேட்கிறார். பதிவு மேசையில் 'உள்நோயாளியாக அனுமதி' என்று எழுதுகிறார்கள். காப்பீட்டுப் பிரிவில் 'முன் அனுமதி இன்னும் வரவில்லை' என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில் செவிலியர் ஒரு படிவத்தை நீட்டி, 'அனுமதிக் கையெழுத்துப் போடுங்கள்' என்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவிலோ 'அனுமதி இல்லை' என்ற பலகை தொங்குகிறது.

இத்தனை இடங்களிலும் சொல் ஒன்றே. ஆனால் அளிப்பவர் வேறு, பெறுபவர் வேறு, அளிக்கப்படும் பொருளும் வேறு. வழக்கமாக இப்பகுதியில் ஒரு நோயைப் பற்றி எழுதுவோம். இம்முறை இந்தச் சொல்லைப் பற்றி எழுதுகிறோம். காரணம், இச்சொல்லின் குழப்பத்தால் ஒரு தாயாருக்கு நேர்ந்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

நாங்கள் பட்ட மேற்படிப்பு மாணவர்களாக ஒரு மருத்துவமனையில் பணிபுரிந்த காலம். நீரிழிவால் காலில் புண் ஏற்பட்டு, கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வந்திருந்தார். இரண்டு கால்விரல்கள் கறுத்துவிட்டன. அவற்றை அகற்றாவிட்டால் நஞ்சு மேலேறும் நிலை. மாலையில் சேர்த்துக்கொண்டோம். அன்றிரவே படிவங்கள் வந்தன. ஒன்று மருத்துவமனையில் சேர்வதற்கான படிவம். மற்றொன்று அறுவைக்கான படிவம். இரண்டின் தலைப்பிலும் 'அனுமதி' என்ற சொல் இருந்தது. எங்களுள் ஒருவர், 'இது அனுமதிக்கான கையெழுத்து அம்மா' என்று சொல்லி இரண்டிலும் கைநாட்டு வாங்கினார். மறுநாள் அறுவை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்கையில் அவர் காலைப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "யாரைக் கேட்டு எடுத்தீங்க தம்பி?"

படிவத்தை எடுத்துக் காட்டினோம். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "பெட்டுல படுக்கத்தானே ரேகை வெச்சேன்? வெரல எடுக்க நான் எங்க ரேகை வெச்சேன்?" என்றார்.

சட்டத்தின் கண்ணில் எங்கள் கோப்பு முழுமையாக இருந்தது. நோய் தீர்க்கும் முறையிலும் பிழையில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அவர் 'அனுமதி' என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அதன் பொருள்களுள் ஒன்றைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். எந்தப் பொருளில் கேட்கிறோம் என்று சொல்லாமல் விட்டவர்கள் நாங்கள்.

சொல்லின் உள்ளே

அனுமதி வடமொழியிலிருந்து வந்த சொல். 'அனு' என்பது உடன், தொடர்ந்து எனப் பொருள்படும் முன்னொட்டு. 'மதி' என்பது எண்ணம். ஒருவர் எண்ணத்தோடு மற்றொருவர் எண்ணமும் உடன்செல்வது என்பது வேர்ப்பொருள். தமிழில் இது பெயராகவும் வினைப்பகுதியாகவும் வழங்குகிறது. 'அனுமதி கிடைத்தது' என்றால் பெயர். 'அனுமதித்தார்', 'அனுமதிக்கிறேன்' என்றால் வினை.

இந்த வினைக்கு ஓர் எழுவாய் வேண்டும், அனுமதிப்பவர் யார்? ஒரு செயப்படுபொருள் வேண்டும்; எதை அல்லது யாரை அனுமதிக்கிறார்? பள்ளியில் கற்ற இலக்கணம் மருத்துவமனையில் இவ்வளவு பயன்படும் என்று நாங்கள் எண்ணியதில்லை. 'நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்' என்று செய்தித்தாள் எழுதும்போது நோயாளி செயப்பாட்டு வினைக்குள் சென்றுவிடுகிறார். அனுமதித்தது மருத்துவமனை, அனுமதிக்கப்பட்டவர் அவர். 'படு' என்ற துணைவினைக்குத் தனிவினையாகத் துன்புறுதல், கிடத்தல் என்னும் பொருள்களும் உண்டு. மருத்துவமனையில் மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அறுவைப் படிவத்தில் நிலைமை தலைகீழ். 'எனக்கு இந்த அறுவையைச் செய்ய நான் அனுமதிக்கிறேன்' என்ற தொடரில் எழுவாய் நோயாளியே. அனுமதி பெறுபவர்கள் நாங்கள். காலையில் 'அனுமதிக்கப்பட்ட' ஒருவர் மாலையில் 'அனுமதிப்பவர்' ஆக வேண்டியிருக்கிறது. படுக்கை எண், நீல அங்கி, கையில் ஊசி என்று எல்லாம் சேர்ந்து அவரைச் செயப்படுபொருளாக்கிய பின்னர், சட்டென்று எழுவாயாக எழுந்து நில் என்று சொன்னால் எப்படி நிற்பார்? பலர், 'உங்களுக்குத் தெரியாததா டாக்டர், எங்கே போடணும் சொல்லுங்க' என்று பேனாவை வாங்கிக்கொள்வதன் காரணம் இதுவே.

நம் ஊர் முதியோர் சிலருக்குப் பிரெஞ்சு மொழி தெரியும். அம்மொழியில் மருத்துவமனையில் சேர்ப்பதற்கு 'அத்மிசியோன்', அதிகாரம் உடையவர் தரும் இசைவாணைக்கு 'ஓத்தோரிசாசியோன்', நோயாளி மனமுவந்து உடன்படுவதற்குக் 'கோன்சாந்த்மான்' என மூன்று தனிச்சொற்கள் உள்ளன. ஆங்கிலத்திலும் அவ்வாறே. தமிழிலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பயன்படுத்துவதில்தான். ஒருவர் கருத்தோடு மற்றவர் கருத்துப் பொருந்துவது 'இசைவு'; பாட்டின் இசையும் இதே 'இசை' என்னும் வேரைச் சேர்ந்தது. சொல்லப்பட்டதை ஏற்றுக்கொள்வது 'ஒப்புதல்'. 'உடன்பாடு' இருதரப்புக்கும் பொது. 'சம்மதம்' பேச்சுவழக்கில் எல்லோருக்கும் விளங்கும். அரசு அலுவலகம் நிதி ஒதுக்க இசைவது 'ஒப்பளிப்பு'. சட்டம் நிறுவிய குழு ஏற்பது 'அங்கீகாரம்'. பழைய தலைமுறையினர் வீட்டை விட்டுப் புறப்படுகையில் 'உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்' என்பார்கள். அங்கே உத்தரவு என்பது கட்டளையன்று, போய்வர அனுமதி. 'விடைபெறுதல்' என்பதும் அத்தகையதே.

எங்கள் கருத்தில், நோயாளி தருவதை 'இசைவு' அல்லது 'சம்மதம்' என்றும், சேர்ப்பதைச் 'சேர்க்கை' என்றும் படிவங்களில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். படிவங்கள் மாறும்வரை நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இது சேர்க்கையா, சம்மதமா?'

கொடுப்பதற்கும் பெறுவதற்கும் தமிழில் மரபு உண்டு. பொருளைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வேறுபடுத்துகிறது. தாழ்ந்தவர் 'ஈ' என்றும், ஒத்தவர் 'தா' என்றும், உயர்ந்தவர் 'கொடு' என்றும் கேட்பர். மருத்துவர் கையெழுத்துக் கேட்கும் தொனி பெரும்பாலும் 'கொடு' என்பதாகவே இருந்துவருகிறது. 'கையெழுத்து வாங்கியாச்சா?' என்று வார்டுகளில் ஒலிக்கும் கேள்வியில் தருபவரே காணாமற்போகிறார். எங்கள் இளம் மருத்துவர்களிடம் அந்தத் தொடரைத் தவிர்க்கச் சொல்கிறோம். 'அவருக்கு விளங்கிற்றா? சம்மதித்தாரா?' என்று கேட்பதே முறை.

எதற்கு அளித்த அனுமதி?

அனுமதியின் செயப்படுபொருளைப் பற்றி நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. இந்திய மருத்துவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

1995இல் தில்லியில் 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர் நீடித்த மாதவிடாய்ப் போக்குக்காக ஒரு மருத்துவரை நாடினார். உள்நோக்கிக் கருவி வழியே வயிற்றுக்குள் பார்த்து நோயை அறிவதற்கு அவர் இசைந்தார். பொது மயக்க மருந்தில் அவர் கிடந்தபோது நோயின் தன்மை தெரிந்தது. மருத்துவர் உதவியாளரை வெளியே அனுப்பி, காத்திருந்த தாயாரிடம் கையெழுத்துப் பெறச் செய்து, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார். விழித்தெழுந்த பெண் வழக்குத் தொடுத்தார்.

மருத்துவர் நல்லெண்ணத்தோடு, நோயாளியின் நலன் கருதியே செய்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் நோயை அறிவதற்குத் தந்த அனுமதி, உறுப்பை அகற்றுவதற்கான அனுமதி ஆகாது என்றது. நோயாளி வயதுவந்தவர், தெளிந்த அறிவுடையவர், சில மணி நேரத்தில் மயக்கம் தெளிந்து தாமே முடிவெடுக்கக்கூடியவர். அப்படியிருக்க, தாயின் கையெழுத்து மகளின் கையெழுத்தாகாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை இருந்தால் மட்டுமே விலக்கு. 'மீண்டும் ஒருமுறை மயக்க மருந்து கொடுக்க வேண்டாமே, செலவு மிச்சமாகுமே' என்பவை விலக்குக்குரிய காரணங்கள் அல்ல. இழப்பீடாக 25,000 ரூபாய் தர வேண்டும் என்றும், அந்த அறுவைக்கான கட்டணத்தை மருத்துவர் பெற இயலாது என்றும் தீர்ப்பாயிற்று. தொகை சிறிது. ஆனால் அதன்பின் படிவங்களில் 'தேவைப்பட்டால் வேறு எந்தச் சிகிச்சையும்' என்று பொதுவாக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க எவராலும் முடியாது.

இத்தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாக்கியது. அனுமதி செல்ல வேண்டுமானால் நோயாளிக்குப் போதிய தகவல் தரப்பட்டிருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எதற்காக, என்ன பயன், என்ன இடர், வேறு வழிகள் உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பவை அத்தகவலுள் அடங்கும். அரிதினும் அரிதாக நேரக்கூடிய எல்லாவற்றையும் அடுக்கி நோயாளியை அச்சுறுத்த வேண்டியதில்லை. அதே வேளை, 'சின்ன ஆபரேஷன்தான்' என்ற ஒற்றைத் தொடரோடு நிறுத்திவிடவும் கூடாது.

அச்சத்தாலோ, உண்மை நிலையைத் தவறாக அறிந்ததாலோ தரப்பட்ட இசைவு இசைவாகாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு நெடுங்காலமாகக் கூறிவந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. மயக்கும் பொருளின் பிடியில், தாம் எதற்கு இசைகிறோம் என்று அறிய இயலாத நிலையில் இருப்பவரின் இசைவும் அவ்வாறே செல்லாது. ஆகவே, அறுவைக்கு முன் தூக்க ஊசி போட்ட பிறகு ஒருவர் படிவத்தைக் கொண்டுவந்தால், 'இப்போது என்னால் படிக்க முடியாது' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

யார் அளிப்பது?

நம் குடும்பங்களில் முடிவுகள் கூடியெடுக்கப்படுகின்றன. அதை நாங்கள் குறைகூறவில்லை. நோய்ப்படுக்கையில் தனியாகக் கிடப்பவரைக் காட்டிலும் சுற்றம் சூழ இருப்பவர் நலமடைவதை அன்றாடம் காண்கிறோம். ஆனால் அன்றாடம் காணும் மற்றொரு காட்சியும் உண்டு. வார்டின் நடையில் மூன்று மகன்கள் நின்று எங்களிடம் பேசுகிறார்கள். பாரிசிலிருக்கும் மகள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருமகன் காப்பீட்டு அட்டையோடு நிற்கிறார். பத்தடி தொலைவில், கட்டிலில், தந்தை கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார். 'அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்' என்கிறார்கள்.

அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். என்றாலும் தெளிந்த அறிவோடு இருக்கும் வயதுவந்தவரின் உடலுக்கு அனுமதி அளிக்கக்கூடியவர் அவர் ஒருவரே. மகன் சாட்சியாகக் கையொப்பமிடலாம். தந்தைக்குப் பதிலாக அன்று. ஆதலால் நாங்கள் கட்டிலருகே சென்று, 'ஐயா, உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்? யாரிடம் பேசலாம்?' என்று அவரிடமே கேட்கிறோம். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர், 'பெரியவன்கிட்ட பேசிக்குங்க, அவன் சொல்றதுதான்' என்பார்கள். அப்படிச் சொன்னால் அதுவும் அனுமதியே; அளித்தவர் அவர். பிரான்சில் 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டம், தன் சார்பில் கலந்துபேசுவதற்கு ஒரு நம்பிக்கைக்குரியவரை நோயாளி எழுத்து மூலம் நியமிக்க வழிசெய்தது. இங்கே 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய்ச் சிகிச்சைக்கு அத்தகைய பிரதிநிதியை நியமிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. மற்ற நோய்களுக்கும் இதை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அண்ணன் தம்பிகளுக்கிடையே பின்னர் எழும் மனக்கசப்பை அந்த ஒரு தாள் பலமுறை தவிர்த்திருக்கிறது.

கணவரின் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவருடைய இசைவு மட்டுமே போதும் என்பது 1971ஆம் ஆண்டின் சட்டம். கணவரின் ஒப்புதலைச் சட்டம் கேட்கவில்லை. இருந்தும் 'வீட்டுக்காரரைக் கூட்டி வாங்க' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள், காலம் கடந்து, இடர் மிகுந்த நிலையில் திரும்பி வருகிறார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் இது தொடர்வது மருத்துவத் துறைக்கே வெட்கம்.

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிடுவர். ஆயினும் பத்து வயதுச் சிறுமிக்குத் தன் கையில் ஏன் ஊசி ஏறுகிறது என்று அறியும் உரிமை இல்லையா? அவளிடமும் சொல்கிறோம், அவளும் தலையசைக்கும்வரை, நிலைமை இடம்கொடுத்தால், காத்திருக்கிறோம்.

நினைவிழந்து, உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவரப்பட்டவருக்கு எவருடைய கையெழுத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விழுப்புரம் சாலையிலோ விபத்தில் சிக்கியவரைத் தூக்கி வருவோர், 'போலீஸ் அனுமதி வேண்டுமா?' என்று இன்றும் அஞ்சிக் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தூக்கி வருபவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மற்றவர் அளிக்கும் அனுமதிகள்

காப்பீட்டு நிறுவனமோ அரசுத் திட்டமோ தரும் 'முன் அனுமதி' முற்றிலும் வேறு வகை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. திட்டமிட்டுச் செய்யும் பல சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். அந்த இசைவு பணத்துக்கு உரியது, உடலுக்கு உரியதன்று. முன் அனுமதி வந்துவிட்டது என்பதால் நோயாளி அறுவைக்கு இசைந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அது மறுக்கப்பட்டது என்பதால் சிகிச்சையே தேவையில்லை என்று மருத்துவர் கருதியதாகவும் கொள்ளக் கூடாது. பெரும்பாலும் விடுபட்ட ஓர் அறிக்கையோ பெயரெழுத்து வேறுபாடோதான் காரணமாக இருக்கும். ஆதார் அட்டையில் ஒருவிதமாகவும் மருத்துவச் சீட்டில் வேறுவிதமாகவும் முன்னெழுத்து இருந்ததால் நான்கு நாள் காத்திருந்தவர்கள் உண்டு.

உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் இன்னொரு வகை அனுமதி வருகிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் உறுப்பு தர முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார் ஆகியோர் நெருங்கிய உறவினர். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரையும் சேர்த்தது. மாமன், அத்தை, மைத்துனர் இப்பட்டியலில் இல்லை. நம் ஊர்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதி அதே திருத்தத்தில் உள்ளது: தருபவரோ பெறுபவரோ வெளிநாட்டுக் குடியுரிமை உடையவராயின், அவர்கள் நெருங்கிய உறவினராகவே இருந்தாலும் குழுவின் முன் ஒப்புதல் வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மகன் முத்தியால்பேட்டையில் வாழும் தாய்க்குச் சிறுநீரகம் தர விரும்பினால், பெற்ற பிள்ளைதானே என்று நேரே அறுவை அரங்குக்குச் செல்ல இயலாது. விடுப்புக் கணக்கோடு விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் இதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

குழு ஒப்பினாலும் தருபவரின் மனம் ஒப்ப வேண்டும். குழு நேர்காணலில் 'சம்மதம்' என்று சொன்ன ஒருவர் அறுவை நாளன்று காலையில் மனம் மாறலாம். அப்போது அவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. அத்தகைய வேளையில், உறவுகள் முறியாதபடி தக்க முறையில் குடும்பத்தாருக்கு எடுத்துரைப்பது மருத்துவர் பொறுப்பு.

மறுத்தலும் திரும்பப் பெறுதலும்

'ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி என்ன செய்வது?' என்று பலர் தயங்குகிறார்கள். அனுமதி அளித்தவர் அதைத் திரும்பப் பெறலாம். காரணம் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. வாய்மொழியாகச் சொன்னாலே நாங்கள் நிறுத்திவிட்டுப் பேசுவோம். மறுத்தவரை மருத்துவர் கைவிடக் கூடாது. வலிக்கும் பிற தொல்லைகளுக்கும் சிகிச்சை தொடர வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வீடு செல்ல விரும்புபவரிடம் அதனால் வரும் இடரை விளக்கி எழுதி வாங்குவது உண்டு. அந்தத் தாள் தண்டனையன்று; மறுநாளே நீங்கள் திரும்பி வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

நினைவிழக்கப்போகும் நாளுக்கும் இன்றே எழுதி வைக்கலாம். மீளவே இயலாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளைத் தொடர வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. முதலில் அதற்கு நீதித்துறை நடுவரின் கையொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். இதுவரை இவ்வாறு எழுதிக்கொண்டு எங்களிடம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இறப்பைப் பற்றி வீட்டில் பேசுவது அமங்கலம் என்று தள்ளிப்போடுகிறோம். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், நள்ளிரவில், 'அப்பா என்ன விரும்பியிருப்பார்?' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

படிவம் உங்கள் கைக்கு வரும்போது உங்களுக்கு விளங்கும் மொழியில் கேளுங்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், பிரெஞ்சு என நான்கு மொழி பேசுவோரும் வந்துசெல்லும் ஊர் இது. ஆங்கிலப் படிவம் மட்டுமே இருந்தால், அதை வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்பது தொல்லை தருவதாகாது. காலியாக விடப்பட்ட இடங்கள் நிரம்பிய பின்னரே கையொப்பமிடுங்கள். உடன்பாடில்லாத வரி இருந்தால் சொல்லுங்கள். மருத்துவரோடு பேசிய பின் அதை அடித்துவிட்டு இருவரும் அருகில் சுருக்கொப்பம் இடலாம். படி ஒன்று கேட்டுப் பெறுங்கள். கைநாட்டு வைப்பவரானால், படித்துச் சொன்னவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் படிவத்தை மடிப்பதற்கு முன் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம்: 'எதற்குச் சம்மதித்தீர்கள் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.' அண்மையில் பித்தப்பைக் கல்லுக்காக வந்த அம்மையார் ஒருவர் அரியாங்குப்பத்தில் இட்லிக் கடை நடத்துபவர். சிறு துளைகள் வழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவை அது. உள்ளே ஒட்டுதல் மிகுந்திருந்தால் வயிற்றைத் திறக்க நேரிடலாம் என்றும் படிவத்தில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் தடையின்றித் திருப்பிச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "தொறக்க வேண்டி வந்தா அப்ப நான் மயக்கத்துல இருப்பேனே. யாரைக் கேப்பீங்க, எம்மவனையா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. அதனால்தான் உங்களை இப்போதே கேட்கிறோம்" என்றோம்.

அவர் சற்று யோசித்தார். மகனை அருகே அழைத்து ஏதோ பேசினார். பிறகு பேனாவை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில், மெதுவாக, எழுத்துக் கூட்டி, 'தெறக்கலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.